‘இல்லை’ என்று சொன்ன வாய்

“அண்ணி, எனக்கு இல்லைன்னு சொன்னீங்களே, அந்த இடத்தை நம்ம மெஷின் படிக்கவே இல்லை.”

நேற்று சாயங்காலம் போனில் பொடிசு சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அண்ணி திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

இன்று காலை அண்ணி லேபுக்கு வந்தபோது பொடிசு அவளுக்கு முன்பே வந்து, அவளுடைய அறையில், முடிவு கேட்க வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். முந்தின நாள் போட்ட அதே சட்டை.

பொடிசு என்றால் வயதில் பொடிசு இல்லை. முப்பதைத் தாண்டியவள், ஒரு குழந்தைக்குத் தாய். அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில் இந்த நாத்தனார் பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். இன்று அந்த லேபின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் தலையில்தான்.

அண்ணிக்கும் அங்கே வேறு பெயர் கிடையாது. லேபை நடத்தும் எம்.டி. அவளுடைய கணவர். அவருடைய தங்கை ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டது டிரைவர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. பொடிசின் கணவருக்கு அவள் முறைப்படி அக்கா. அவரும்கூட முறையைக் காற்றில் விட்டுவிட்டு அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

ரத்தம் எடுப்பது ஒருவர், அதை மெஷினில் ஏற்றுவது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர். வந்தவர்களை எதிரே உட்காரவைத்து, ‘உங்களுக்கு இருக்கு’ என்றோ ‘இல்லை’ என்றோ வாய் திறந்து சொல்வது அண்ணியின் வேலை.

அந்த வாயால்தான் போன வருஷம் பொடிசுக்கும் சொன்னாள்.

மாமியாரைக் கொண்டுபோனது மார்பகப் புற்று. மரபணுவில் ஒரு பிழை. வம்சத்தில் இறங்கும் வகை. பிள்ளைகளுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். எம்.டி. லேபை ஆரம்பித்த கையோடு தன் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தார். அவருக்கு இல்லை. பொடிசு பயந்து பயந்து தள்ளிப்போட்டாள். மகள் பிறந்த பிறகுதான் துணிந்து கையை நீட்டினாள். ‘உனக்கு இல்லைடி’ என்று அண்ணி சொன்னதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகை வரவேற்பறை வரை கேட்டது.

“எப்படிடி கண்டுபிடிச்சே?” அண்ணி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“பைப்லைனுக்குப் புது வெர்ஷன் எழுதிக்கிட்டிருக்கேன்ல? சோதிச்சுப் பார்க்க யாராவது ஒருத்தரோட டேட்டா வேணும். அடுத்தவங்களுது எதுக்குன்னு என்னோடதையே போட்டேன்.” பொடிசு லேப்டாப்பைத் திருப்பினாள். “அது பாதியில நின்னு, இந்த இடம் சரியாத் தெரியலைன்னு சொல்லுச்சு.”

திரையில், எந்த இடம் எத்தனை தடவை படிக்கப்பட்டது என்று காட்டி மலை மலையாக எழுந்து இறங்கிய நீலக் கோடு ஓரிடத்தில் மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

“அம்மாவுக்குப் பிழை இருந்த இடம் இதுதான்.”

மெஷின் மரபணுவை நீளவாக்கில் ஒரே மூச்சில் படிக்காது. கோடிக்கணக்கான துண்டுகளாகப் படித்துக் கொட்டிவிடும். கொட்டியதை அள்ளி, ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்தில் பொருத்தி, எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று தேடி, கடைசியில் ரிப்போர்ட்டாக ஆக்கித் தருவது பொடிசு எழுதிய பைப்லைன். ஒரு புரோகிராம் முடித்ததை அடுத்த புரோகிராம் வாங்கிக்கொண்டு ஓடும். நடுவில் காவல்காரன் மாதிரி ஒரு படி உண்டு. எந்த இடமாவது போதுமான தடவை படிக்கப்படாமல் இருந்தால், அந்தப் படி ரிப்போர்ட்டை மறித்து நிறுத்திவிடும். மறுபடி ரத்தம் எடு, மறுபடி ஓட்டு என்று சொல்லிவிடும்.

“பழைய பைப்லைன்ல அந்தப் படியே இல்லை, அண்ணி. நான் பிரசவ லீவுல இருந்தப்ப யாரோ எடுத்திருக்காங்க. திரும்பி வந்ததும் என்னைப் புது வெர்ஷன்ல உக்காரவச்சுட்டாங்க. பழசைத் திறந்துகூடப் பார்க்கலை நான். நான் பெத்தது, நான் விட்ட மாதிரியேதானே இருக்கும்னு நெனச்சேன்.”

“யாருன்னு தெரியாதா?”

“சர்வருக்குள்ள எல்லாரும் ஒரே லாகின்லதான் போறோம். கை யாரோடதுன்னு தெரியலை. சொன்ன வாய் யாரோடதுன்னு தெரியாதா என்ன?”

இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் எம்.டி. சொல்லாமல் மின்விசிறியைக்கூட யாரும் மாற்ற மாட்டார்கள்.

“அப்ப, உனக்கு இருக்கா?”

“தெரியலை அண்ணி. அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்! இருக்குன்னும் தெரியலை, இல்லைன்னும் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வேண்டிய இடத்துல இல்லைன்னு சொல்லியிருக்கோம்.”

“நான் சொன்னேன்.”

“ஆமா.” பொடிசு அவளைப் பார்க்கவில்லை. “நீங்கதான் சொன்னீங்க.”

ரிசப்ஷன் பெண் கதவைத் தட்டித் தலையை நீட்டினாள். “அண்ணி, முதல் ஆள் வந்து உக்காந்திருக்காங்க. அனுப்பட்டுமா?”

பொடிசு லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். “என்ன சொல்லப்போறீங்க இவங்களுக்கு?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

வந்தவள் நீச்சல் பயிற்சியாளர். வேலையிலிருந்து நேரே வந்திருப்பாள் போல. ஈர முடியை அள்ளி முடிந்திருந்தாள், குளத்து மருந்தின் வாசனை அறைக்குள் கூடவே வந்தது. அவளுடைய அக்காவுக்கு அதே நோய். சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.

“நல்ல சேதிதானே? ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பிலேயே தெரிஞ்சுபோச்சு” என்றாள் உட்காரும்போதே.

ரிப்போர்ட் அண்ணியின் கையில் இருந்தது. ‘மாற்றம் எதுவும் காணப்படவில்லை.’ எத்தனை பேருக்கு இந்த வரியைப் படித்துக் காட்டியிருப்பாள்! இன்றைக்குத்தான் அந்த வார்த்தை அவளைத் திரும்பிப் பார்த்தது. காணப்படவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினார்களா, மூடிக்கொண்டு தேடினார்களா என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

“இதை நான் உங்களுக்குக் குடுக்க முடியாது” என்றாள் அண்ணி.

பயிற்சியாளரின் சிரிப்பு அப்படியே நின்றது. “இருக்கா எனக்கு?”

“அப்படி இல்லை. ஒரு புத்தகத்துல ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்குன்னு வச்சுக்குங்க. பிரிச்சுப் படிக்காமலே அதுல அச்சுப்பிழை இல்லைன்னு ஒருத்தர் சொன்னா? எங்க ரிப்போர்ட் அப்படி வந்திருக்கலாம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உங்க பக்கம் ஒட்டியிருக்கா, இல்லையா? அதுகூட இப்ப எனக்குத் தெரியாது. முழுசாப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்.”

“அப்ப எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?”

“வரச் சொன்னப்ப தெரியாது.”

“எங்க வேலையில என்ன தெரியுமா?” அவள் குரல் உயர்ந்தது. “ஒரு பிள்ளை முங்கும்போது நான் பார்க்கலைன்னா, பார்க்கலைன்னு ஒத்துக்கலாம். திட்டுவாங்க, வேலையிலேர்ந்து தூக்குவாங்க. நல்லாப் பார்த்தேன், ஒருத்தரும் முங்கலைன்னு சொன்னா ஜெயில்ல வைப்பாங்க. நீங்க அதைத்தானே செஞ்சிருக்கீங்க?”

அண்ணி தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள்.

பயிற்சியாளர் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

“எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில உக்காந்தவங்களுக்கெல்லாம் என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னு சொன்னேன்.”

அவள் போனாள். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அண்ணி கோபக்காரி இல்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பைத் திட்டாதவள் என்று மாமனார் கேலி செய்வார். அப்படிப்பட்டவள், தாழ்வாரத்தில் வணக்கம் சொன்னவர்களுக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் நடந்து, எம்.டி.யின் கண்ணாடிக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

எம்.டி. மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்து சோபாவில் மாப்பிள்ளை, பொடிசின் கணவர், லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். பைப்லைனை எழுதுவது பொடிசு என்றால், தினமும் அதை ஓட்டுவது அவர். அன்றைய ஓட்டம் அவருடைய திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

“பைப்லைன்லேர்ந்து அந்தப் படியை எடுக்கச் சொன்னது நீங்களா?”

எம்.டி. மழுப்புவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார், அவ்வளவுதான்.

“ஆமா. எடுக்கச் சொன்னேன். இப்ப அதுக்கு என்ன?”

“என்னவா?”

“உக்காரு முதல்ல. முன்னே ஒரு ஓட்டத்துல பன்னிரண்டு பேரை ஏத்திக்கிட்டிருந்தோம். ஆள் சேர்ந்துபோச்சு. இருபது பேரை ஏத்தினேன். மெஷின் படிக்கிறது மொத்தமா அவ்வளவுதான். ஆளுக்குக் கிடைக்கிற பங்கு குறைஞ்சுது. அந்தப் படி என்னடான்னா, ரெண்டுக்கு ஒரு ரிப்போர்ட்டை மறிச்சு நிறுத்துது. டாக்டருங்க போன் மேல போன். வாரக்கணக்குல இழுத்தடிச்சா எவன் நம்மகிட்ட அனுப்புவான், சொல்லு?”

“பஸ்ல ஆள் அடைக்கிற மாதிரி அடைச்சிருக்கீங்க. மூச்சு முட்டுதுன்னு உள்ளேர்ந்து ஒருத்தன் கத்தினா, அவனை இறக்கி விட்டுட்டீங்க.”

“பெரும்பாலான பேருக்கு எப்படியும் இருக்காதும்மா. நீ இல்லைன்னு சொன்னதுல முக்கால்வாசி நிஜமாவே இல்லைதான்.”

“அதுக்கு எதுக்குங்க லேபு? பூவா தலையா போட்டுச் சொல்லியிருக்கலாமே! ரத்தம் எதுக்கு, மெஷின் எதுக்கு, மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கிட்டு நான் எதுக்கு?”

“சத்தம் போடாதே. வெளியில ஜனங்க உக்காந்திருக்காங்க.”

“உக்காந்திருக்கட்டும். கேக்கட்டும். ‘தெரியலை’ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அதை என் வாயிலேர்ந்து பிடுங்கிப் போட்டுட்டு ‘இல்லை’ன்னு ஒண்ணைத் திணிச்சீங்க. நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சேன். கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொல்லிட்டுப் போனாங்க. இனிமே டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லைன்னு நிம்மதியா வீட்ல உக்காந்திருக்காங்க. அதுல எத்தனை பேருக்குள்ள அது வளர்ந்துக்கிட்டிருக்கோ!”

“நீ ரொம்பப் பெருசு பண்றே.”

“உங்க ரத்தத்தைப் பார்த்தப்ப அந்தப் படி இருந்துச்சு. உங்களுக்கு உண்மை கிடைச்சுது. உங்க தங்கச்சிக்கு?”

எம்.டி.யின் முகம் மாறியது. “பொடிசுக்கு என்ன?”

“அவ ரிப்போர்ட்டும் படி இல்லாமத்தான் வந்துச்சு. உங்க அம்மாவுக்குப் பிழை இருந்த இடத்தை மெஷின் தொடவே இல்லையாம். ‘உனக்கு இல்லைடி’ன்னு நான் கட்டிப்பிடிச்சு அழுதேன்.”

எம்.டி. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். சோபாவிலிருந்துதான் குரல் வந்தது, ஈனஸ்வரத்தில்.

“இருபது பேர் போன ஓட்டத்துலயா அவளோடதும் போச்சு?”

அண்ணி திரும்பினாள். மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்ப, நீங்களும்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“அவரைக் கேளு!” எம்.டி.க்கு வாய் திரும்பிவிட்டது. “என்னையே பிடிச்சு உலுக்கறியே! எனக்கு அதுல ஒரு வரி எழுதத் தெரியுமா? சொன்னது நான். எடுத்துக் குடுத்தது மாப்பிள்ளை. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை.”

கண்ணாடிக் கதவு மூடியிருக்கவில்லை. அண்ணி தள்ளிய வேகத்தில் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. வாசலில் பொடிசு நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! உள்ளே வந்தாள். அண்ணனைத் தாண்டி, அண்ணியைத் தாண்டி, கணவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“எடுக்கும்போது அது எதுக்கு இருக்குன்னு தெரியும்தானே உனக்கு?”

“தெரியும்.”

“நான்தானே உனக்குச் சொல்லிக்குடுத்தேன்?”

“ஆமா.” மாப்பிள்ளை எம்.டி.யைக் காட்டினார். “தற்காலிகமாத்தான்னு சொன்னாரு. ரெண்டு வாரம் கழிச்சுத் திருப்பிப் போட்டுடலாம்னு... உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதும்மா. சாம்பிளுக்கு நம்பர்தானே வரும்.”

“நம்பர்தான் வரும். நான் ரத்தம் குடுக்கப் போறேன்னு ராத்திரி பூரா உன்கிட்டத்தானே புலம்பினேன்? குழந்தையை வச்சுக்கிட்டு வாசல்ல நின்னது நீதானே? அந்த வாரம் முச்சூடும் பைப்லைனை ஓட்டினது நீ. திருப்பிப் போடணும்னு தோணலையா?”

மாப்பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த நேரத்தில் அது பெரிய சாபம்.

“மறந்துட்டேன்” என்றார்.

பொடிசு அடித்துவிடுவாளோ என்று அண்ணிக்குத் தோன்றியது. அவள் அடிக்கவில்லை. குனிந்து அவர் மடியிலிருந்த லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். நின்றபடியே தட்டினாள். ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன.

“என்ன பண்றே?” எம்.டி. எழுந்தார்.

“நிறுத்திட்டேன்.”

“இன்னிக்கு ரிப்போர்ட் போகணும்!”

“போகாது. அந்தப் படியைத் திருப்பிப் போடற வரைக்கும் இந்த லேபிலேர்ந்து ஒரு காகிதம் வெளியே போகாது. பழசு எல்லாத்தையும் மறுபடி ஓட்டணும்.”

“மறுபடி ஓட்டி, குறை இருந்தவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, நாங்க தப்பாச் சொல்லிட்டோம்னு சொல்லுவியா? லேபை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“மூடுங்க” என்றாள் அண்ணி.

“புரிஞ்சுதான் பேசறியா? இது அம்மா பேர்ல ஆரம்பிச்ச லேபு!”

“அப்ப வரவேற்பறையில அம்மா படத்தைக் கழட்டிட்டு வந்து பேசு” என்றாள் பொடிசு. “சீக்கிரம் தெரிஞ்சா பிழைக்கலாம்னு கீழே எழுதி வேற வச்சிருக்கே. வெக்கமா இல்லை?”

எம்.டி. கையை ஓங்கவில்லை, ஆனால் மேஜையில் அறைந்த அறையில் பேனா உருண்டு கீழே விழுந்தது. “இந்த லேபு போட்ட சோத்துலதான் ரெண்டு குடும்பமும் நிக்குது. ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசுங்க ரெண்டு பேரும்.”

“ஞாபகம் இருக்கு” என்றாள் அண்ணி. குரல் இப்போது தணிந்திருந்தது, அதுதான் எம்.டி.யைப் பயமுறுத்தியது. “நாளைக்குக் காலையிலேர்ந்து ஒவ்வொருத்தரா நானே கூப்பிட்டுச் சொல்லப்போறேன். மத்ததெல்லாம் அப்புறம்.”

“நீ என் பொண்டாட்டி.”

“இருக்கட்டும். அவங்க உங்களை நம்பி வரலை. என் மூஞ்சியைப் பார்த்து நம்பிட்டுப் போனவங்க.” பொடிசின் தோளைத் தொட்டாள். “வாடி, போகலாம்.”

“எங்கே?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“ரத்தம் குடுக்க” என்றாள் பொடிசு. “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ற இடத்துல.”

நகரத்தின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணி காரை ஓட்டினாள். வழி நெடுகப் பொடிசின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் கணவரும் குழந்தையும் சிரிக்கும் படம் வந்து வந்து போயிற்று. கடைசியில் அவள் போனைக் கவிழ்த்துப் போட்டாள்.

ரத்தப் பரிசோதனைப் பிரிவில் சுவர் ஓரமாக இரும்பு பெஞ்சுகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

“முடிவு வந்ததும் யாரைக் கூப்பிடணும்? உங்க கணவர் நம்பர் சொல்லுங்க.”

“அவர் வேண்டாம். இவங்களைக் கூப்பிடுங்க.”

“இவங்க என்ன உறவு?”

“அண்ணி.”

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பொடிசு, நான் வேண்டாம்டி. இங்கேயே விவரம் தெரிஞ்சவங்க இருப்பாங்க. அவங்க சொல்லட்டும்.”

“ஏன்? போன தடவை சொன்னது நீங்கதானே?” பொடிசின் கண்ணில் காலையிலிருந்து தேங்கிய கோபம் அப்படியே இருந்தது. அதில் அண்ணிக்கும் ஒரு பங்கு இருந்தது. “இந்தத் தடவையும் நீங்கதான் சொல்லணும். எதிரே உக்காந்து, என் கண்ணைப் பார்த்துச் சொல்லணும். எதுவா இருந்தாலும் சரி.”

அண்ணி தன் நம்பரைச் சொன்னாள். பொடிசு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

தனியாக பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணியின் போன் அடித்தது. லேபின் ரிசப்ஷன் பெண். யாருக்கும் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

“அண்ணி, உங்க ரூமை எம்.டி. பூட்டச் சொல்றார். கம்ப்யூட்டரையும் வெளியே எடுத்து வைக்கணுமாம். பேஷண்ட் நம்பர் எல்லாம் அதுலதானே இருக்கு? என்ன செய்யட்டும்?”

“சாவி உன்கிட்டதானே இருக்கு?”

“ஆமா.”

“சாவியைக் காணோம்னு தேடிக்கிட்டே இரும்மா. நான் வந்துடறேன்.”

போனை வைத்து நிமிர்ந்தபோது பொடிசு முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எதிரே நின்றாள்.

“யாரு?”

“லேபிலேர்ந்து. உங்க அண்ணன் என் ரூமைப் பூட்டப் பார்க்கறாராம்.”

பொடிசு பஞ்சைக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். கையை நீட்டினாள்.

“கார் சாவியைக் குடுங்க. நீங்க ஓட்டினா போய்ச் சேர்றதுக்குள்ள அவன் கட்டடத்தையே பூட்டிடுவான்.”